அரக்குக்கு அடியில்

அன்று அந்தக் குளிர்வண்டியில் இருந்தவர்கள் ஆறு பேர். வண்டிகளைச் செப்பனிட்டு முத்திரை வைக்கும் அச்சங்குளத்தார் வீட்டுத் தலைவர் ஆவுடையப்பன், வயது எழுபத்தொன்று. அவரிடம் தொழில் பழகிய மருமகள் பேச்சிச்செல்வி. செல்வியின் தகப்பனார், ஆவுடையப்பனுக்குச் சம்பந்தி, ஓய்வுபெற்ற கிராம அலுவலர் சிவசாமி. வண்டி ஓட்டிய மரியசூசை. வேடநத்தத்திலிருந்து வந்த முத்தரசி. அவள் மடியில் இருபத்தெட்டு நாளான, இன்னும் பெயர் வைக்காத பெண் குழந்தை. வேறு யாரும் இல்லை. தாங்களும் உடன் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் மூன்று நான்கு பேர் உண்டு. அவர்கள் இருக்கவில்லை.

கத்திரி தொடங்கி எட்டாம் நாள். காலை பத்து மணிக்கு மேல் மாலை ஐந்து வரை வெளியில் நிற்கும் உடம்பு தாங்காது என்று ஆகிவிட்ட காலம் அது. ஊருக்கு ஊர் குளிர்மண்டபம் இருந்தது. குளத்தூர் மண்டபத்தின் இயந்திரம் அன்று காலை நின்றுபோகவே, அங்கிருந்தவர்களை விளாத்திகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல் இரண்டு நடையில் மற்ற எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இது கடைசி நடை.

தங்கள் முத்திரை விழுந்த வண்டி கத்திரியில் ஓடும்போது வீட்டு ஆள் ஒருவர் அதில் ஏறிப் போவது அச்சங்குளத்தார் வழக்கம். அப்படித்தான் ஆவுடையப்பன் முன்சீட்டில் இருந்தார், முதுகு சீட்டில் படாமல். வலக்கையைத் தோள் துண்டுக்குள் வைத்திருந்தார்.

பதினொன்று பத்துக்கு மரியசூசை வண்டியை ஓரங்கட்டினான். இரு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். ஒரு கருவேல மரத்து நிழல்கூட இல்லை.

"என்னப்பா, ஏன் நிறுத்துதே?"

"அண்ணாச்சி, நீங்களே பாருங்க. வெயிலு மண்டையப் பொளக்கு. கூரை பூராச் சூரியத் தகடு. உள்ள ஒரு சொட்டு சார்ஜ் ஏறல. கெளம்பும்போது நாப்பது இருந்துச்சு. இப்ப பதினெட்டு."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் சாட்சிப்பெட்டி பேசிற்று. ஓட்டுநர் காலடியில், உண்டியல் அளவுக்கு இருக்கும் சாம்பல் நிறப் பெட்டி. கூரைத் தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

"பாதையில் சூடு. சார்ஜ் நிறுத்தப்பட்டது. பழுதைச் சரிசெய்து காரணம் சொல்லவும். கை யாருடையது என்று சொல்லவும்."

மரியசூசை கணக்குப் போட்டான். பதினெட்டில் விளாத்திகுளம் வரை ஓட்டலாம், குளிரை அணைத்துவிட்டு. அப்படி ஓட்டினால் குழந்தையும் சிவசாமியும் ஊர் போய்ச் சேர மாட்டார்கள். நின்ற இடத்தில் குளிரை ஓட்டினால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மீட்பு வண்டியைக் கூப்பிட்டான். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"நான் பாக்கேன் மாமா" என்று செல்வி மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

பின்சீட்டில் சிவசாமி சிரித்தார். நெஞ்சில் கருவி வைத்த மனிதர், சிரித்தால் இருமல் வரும். "எதுக்கும் பயப்படாத முத்தரசி. இது என் சம்பந்தி வீட்டு முத்திரை போட்ட வண்டி. முப்பத்தெட்டு வருசம், அவங்க கைமேல ஒரு பழுதுப் பதிவு கெடையாது. நான் பொண்ணு குடுக்கும்போது வீட்டப் பாக்கல, நெலத்தப் பாக்கல. அந்தப் பதிவுப் புத்தகத்தத்தான் பாத்தேன்."

ஆவுடையப்பன் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே," என்று முத்தரசி ஓட்டுநரிடம் கேட்டாள், "சார்ஜ் ஏறலைன்னா சரி பண்ணிட்டுப் போவ வேண்டியதுதானே? இந்தப் பொட்டிகிட்ட எதுக்கு வாக்குமூலம் குடுக்கணும்?"

"நீ பொறக்கதுக்கு முந்தி வண்டியெல்லாம் நின்ன எடத்துல எரிஞ்சிச்சு தாயி. ஆளோட எரிஞ்சிச்சு. ரிப்பேர் பாக்கவன் ஒண்ணக் கெடுத்துட்டு வேற ஒண்ணச் சொல்லிட்டுப் போயிருவான். அதுக்குப் பிறவுதான் இந்தச் சட்டம். என்ன பழுது, யாரு கைவேலைன்னு வாய் தொறந்து சொன்னாத்தான் கரண்டுக்குக் கதவத் தொறக்கும்."

"பொய் சொன்னா?"

"பழுதுக்குப் பழுது ஒரு சாடை இருக்கு. எலி கடிச்சா ஒரு மாதிரி, மண்ணு படிஞ்சா ஒரு மாதிரி. சொன்னது பொருந்தலைன்னா பூட்டிக்கிடும். மொதத் தடவை கால் மணி நேரம். அடுத்து அரை மணி. அடுத்து ஒரு மணி."

"கையப் பத்திப் பொய் சொன்னா?"

மரியசூசை தலையைச் சொறிந்தான். "கையப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? பழுதுதான் தெரியும். கைக்கு மனுசன்தான் சாட்சி."

செல்வி வேலையைத் தொடங்கிவிட்டாள். அவள் வேலை பார்ப்பதில் பதற்றம் இருக்காது. அது ஆவுடையப்பனுக்கே பிடித்த விஷயம். கூரைத் தகடுகளிலிருந்து இறங்கும் வயரில் மீட்டர் வைத்தாள். தொண்ணூற்றாறு வோல்ட். தகட்டில் குறை இல்லை. பிறகு சோதனை விளக்குகளை மாட்டி மின்சாரம் இழுக்கவிட்டு, அந்தச் சுமையோடு பெட்டியின் வாசலில் அளந்தாள். அறுபத்தொன்று.

"முப்பத்தஞ்சு வோல்ட்ட வழியில எதுவோ திங்குது" என்றாள். "வயரு எங்கயோ பிடிமானம் இல்லாம இருக்கு மாமா. சும்மா இருக்கும்போது நல்லாருக்கும். சுமை ஏறுனதும் கைய விட்டுரும்."

ஃபியூஸ் பார்த்தாள். மேலிருந்து பெட்டிக்கு வரும் சிவப்பு வயரை இணைப்பு இணைப்பாக அளந்தாள். ஒன்றிலும் குறை இல்லை. இருபது நிமிடம் போயிருந்தது. மீதம் இருந்தது திரும்பிப் போகும் பாதை, எர்த் வயர். அது ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். அந்தப் போல்ட்டின் மேல் சிவப்பு அரக்கு உருண்டையாக ஊற்றி, அச்சங்குளத்தார் முத்திரையான மூன்று புள்ளியும் ஒரு கோடும் பதித்திருந்தது.

செல்வி அதைப் பார்த்தாள். மீட்டர் ஊசியை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. மாமனாரைப் பார்த்தாள்.

"அது நான் பூட்டுனது" என்றார் ஆவுடையப்பன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அச்சங்குளத்தார் வீட்டில் தலைவர் பூட்டிய இணைப்பை மற்றவர்கள் திறப்பதில்லை. மீட்டர் வைத்துப் பார்ப்பதும் இல்லை. ஆவுடையப்பனின் தகப்பனார் பூட்டியதை அவருடைய சொந்தத் தம்பிகள் தொட்டதில்லை. எந்தப் பழுதானாலும் அந்த அரக்கைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வருடமும் பழுது மற்ற இடத்தில்தான் இருந்தது.

"கூரையில மண்ணு படிஞ்சிருக்கும்" என்றார்.

"தொண்ணூத்தாறு காட்டுது மாமா. மண்ணு இருந்தா..."

"நான் தொடச்சிட்டு வாரேன்."

"அண்ணாச்சி, வெளிய அம்பத்து மூணு டிகிரி!" என்று மரியசூசை கையைப் பிடித்தான். ஆவுடையப்பன் கையை உதறிவிட்டு, துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கதவு திறந்த இரண்டு நொடியில் உள்ளே வந்த அனலுக்குக் குழந்தை வீரிட்டது.

ஏணிக் கம்பி கையைப் பொசுக்கிற்று. இடக்கையால் தொற்றி ஏறினார். தகடுகளின் மேல் விரல் அழுத்தினால் தடம் விழும் அளவுக்குக்கூட மண் இல்லை. இருந்தும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான்காவது தகட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. துண்டு அதற்குள் காய்ந்து முறுகிப்போயிருந்தது. மரியசூசைதான் இடுப்பைப் பிடித்து இறக்கி உள்ளே போட்டான்.

மூச்சு வாங்கியது அடங்குவதற்குள் அவர் பெட்டியிடம் சொன்னார்: "கூரைத் தகட்டில் மண் படிந்தது. துடைத்தாயிற்று. யார் கையும் இல்லை."

"பொருந்தவில்லை. பதினைந்து நிமிடம்."

செல்வி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மரியசூசை குளிரைப் பாதியாகக் குறைத்தான். பேட்டரி பன்னிரண்டு.

பூட்டு விலகும்வரை செல்வி சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே அளந்த இடங்களையே மறுபடி அளந்தாள். வயர் ஓடும் தடம் முழுவதும் விளக்கடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கும் ஒவ்வொரு இடமும் அவளை அந்த அரக்கின் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது.

"மாமா, அதையும் ஒரு தடவை..."

"எங்கப்பா காலத்திலிருந்தே அரக்கு வச்சத ஒருத்தரும் தொட்டதில்ல. உன் கால்ல வேணா விழுதேன், அதத் தொடாத."

மருமகளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. செல்வி இரண்டடி பின்வாங்கினாள்.

அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பழுது எல்லோர் கையிலும் வரும், சட்டம் அதை மன்னிக்கும். மூடி மறைத்த பழுதை மன்னிக்காது. மறைத்தவர் வீட்டில் வேலை பழகிய வேறு ஆள் என்றால் அந்தக் கை மட்டும் தொழிலிலிருந்து விலக்கப்படும். வீட்டுத் தலைவர் என்றால் முத்திரையே அழியும். அந்த முத்திரை விழுந்த எல்லா வண்டிகளும் வேறு வீட்டார் வந்து திறந்து பார்க்கும்வரை நின்றபடி நிற்க வேண்டும். அச்சங்குளத்தார் முத்திரையில் அந்தக் கோடையில் எழுபது வண்டிகள் ஓடின.

பூட்டு விலகியது. "எலி" என்றார் ஆவுடையப்பன், செல்வி தடுப்பதற்குள். "எலி வயரைக் கடித்தது."

"பொருந்தவில்லை. முப்பது நிமிடம்."

"ஐயோ, தாத்தா!" என்று முத்தரசி கத்திவிட்டாள். "தெரியாட்டிச் சும்மா இருங்களேன்! எம்புள்ள மூச்சு விடுத மாதிரியா இருக்கு பாருங்க!"

குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. அது நல்லதற்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. முத்தரசி குடிதண்ணீரில் தன் முந்தானையை நனைத்து அதன் உடம்பில் சுற்றினாள். சிவசாமி தன் பங்குத் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடைய உதடு வெளிறிப்போயிருந்தது. உள்ளே நாற்பது டிகிரி.

"ஏம் சம்பந்தி, முகத்தத் தொங்கப் போடுதீங்க?" என்றார் சிவசாமி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்க வேலையில குத்தம் இருக்காது. வேற எவனோ தொட்டிருப்பான். பொறுமையாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

செல்வி தகப்பனார் முகத்தைப் பார்த்தாள். திரும்பினாள். கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து, ஓட்டுநர் சீட்டை மடக்கி, அரக்கின் நடுவில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

மூன்று புள்ளியும் கோடும் நாலு துண்டாகத் தெறித்தன.

ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை. தன் தகப்பனார் விரலிலிருந்து தன் விரலுக்கு வந்த மோதிரத்தின் பதிவு உடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரக்கு வெளியேதான் கெட்டியாக இருந்தது. உள்ளே தேன்பாகாக இளகி, வயர் நுனியிலிருந்த செம்பு வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறங்கிக் கருகியிருந்தது. அது இறங்குவதற்கு அங்கே இடம் இருந்தது. செல்வி நட்டின் மேல் விரலை வைத்தாள். ஸ்பானர் தேவைப்படவில்லை. விரலுக்கே சுற்றியது. ஒன்றரைச் சுற்று.

அவள் நிமிர்ந்தாள். மற்ற யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அரக்கு ஊத்தும்போதே தெரியுமா மாமா?"

அவர் துண்டுக்குள்ளிருந்து வலக்கையை எடுத்தார். கட்டைவிரல் மடங்கவில்லை. மற்ற விரல்கள் தாமாக ஆடின. அதற்கு மேல் அவர் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. சித்திரை முதல் வாரத்தில் அந்த நட்டை இறுக்க முடியாமல் மூன்று தடவை முயன்றதும், பட்டறைக் கொட்டகையில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு அரக்கைக் காய்ச்சியதும், நாளைக்கு வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்ததும், மறுநாள் வண்டி ஓடப் போய்விட்டதும் அவருக்கு மட்டுமே தெரிந்தவை.

"தை மாசத்துலேர்ந்தே எனக்குத் தெரியும்" என்றாள் செல்வி. "காப்பி டம்ளர இடது கையில வாங்குனீங்களே, அன்னைக்கே."

பிறகு பிளேடால் அரக்கைச் சுரண்டினாள். உப்புத்தாள் போட்டுச் செம்பைப் பளபளவென்று தேய்த்தாள், சட்டத்தையும் தேய்த்தாள். வளையத்தை உட்கார வைத்து நட்டை இறுக்கினாள். ஸ்பானரின் மேல் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இறுக்கினாள். மீட்டர் வைத்தாள். தொண்ணூற்று நான்கு.

வேலை முடிந்தது. பூட்டு விலகப் பதினோரு நிமிடம் இருந்தது. பேட்டரி ஐந்து.

அந்தப் பதினோரு நிமிடத்தை ஆவுடையப்பன் தன் வாழ்நாளில் மறுபடி மறுபடி எண்ணியிருக்கிறார். குளிர்க் காற்றாடி விட்டுவிட்டு ஓடிற்று. மரியசூசை ஜெபம் சொன்னான். முத்தரசி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். சுண்டும்போதெல்லாம் அது கொஞ்சம் முனகும். செல்வி தகப்பனார் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அட்டையால் விசிறினாள். சிவசாமியின் கண் மட்டும் திறந்திருந்தது. அது சம்பந்தியின் முகத்திலேயே இருந்தது.

பேட்டரி மூன்றுக்கு வந்தபோது பூட்டு விலகியது.

"காரணம் சொல்லவும். கை யாருடையது என்று சொல்லவும்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது வறட்சியால் மட்டும் இல்லை. சிவசாமி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துப் பெண் கொடுத்த மனிதர்.

"எர்த் நட்டு இறுக்கல" என்றாள் செல்வி. உரக்க, தெளிவாக. "இறுக்காமலே மேல அரக்கு ஊத்தி மூடுனது. அரக்கு இளகி உள்ள எறங்கிருச்சு. கை, அச்சங்குளத்தார் வீட்டு மருமக பேச்சிச்செல்வி."

பெட்டி ஒரு கணம் எடுத்துக்கொண்டது.

"பொருந்துகிறது. பதிவாயிற்று."

கூரையின் வெயில் முழுவதும் ஒரே சமயத்தில் இறங்கிற்று. காற்றாடி சீறிக்கொண்டு சுழன்றது. முத்தரசி வாய்விட்டு அழுதாள். சிறிது நேரத்தில் குழந்தையும் அழுதது, நல்ல அழுகை. மரியசூசை சிலுவைக் குறி போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

சிவசாமி மகள் முகத்தை அண்ணாந்து பார்த்தார். "நீயா தாயி?" என்றார்.

"ஆமாப்பா."

"பரவால்ல. வேலன்னா தவறும்." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு, "சம்பந்தி, சின்னப் புள்ள. மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றார்.

ஆவுடையப்பன் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்.

விளாத்திகுளம் ஆஸ்பத்திரியில் மாலை நான்கு மணிக்குச் சிவசாமியின் உயிர் பிரிந்தது. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த அரை மணியும் அதற்கு முந்தைய கால் மணியும் எங்கே போயின என்று வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆவுடையப்பன் மருமகளிடம் கேட்டார். "ஏன் தாயி அப்படிச் சொன்னே?"

"உங்க கைன்னு சொன்னா அந்த நிமிசமே எழுபது வண்டியும் நின்னிருக்கும் மாமா. இன்னைக்கு எத்தனை வண்டியில எத்தனை புள்ளைங்க. ஒவ்வொரு வண்டியிலயும் எங்கப்பா மாதிரி ஒருத்தர்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யும் முழுப் பொய் இல்ல. உங்க கை நடுங்குததத் தெரிஞ்சும் நீங்க பூட்டுன எடத்துல நான் மீட்டர் வைக்கல. உங்க மரியாதைக்காக."

அவள் பெயர் தொழிலிலிருந்து நீக்கப்பட்டது. மற்ற அறுபத்தொன்பது வண்டிகளின் அரக்கையும் ஆவுடையப்பன் தானே உடைத்து, நட்டுகளை வீட்டில் வேலை பழகிய மற்றவர்களைக் கொண்டு இறுக்கினார். ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. அதனால் அவருக்கு ஆறுதல் கிடைக்கவும் இல்லை. அதன் பிறகு ஐந்து மாதம் செல்வி வீட்டுக்குள் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய அண்ணன்மார் தகப்பனார் கருமாதிக்கு அவளைக் கூப்பிடவில்லை. ஆவுடையப்பன் போனார், முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாப்பிடாமல் எழுந்து வந்தார்.

ஐப்பசியில் மழை இறங்கி, வண்டிகள் நின்றாலும் உயிர் போகாது என்று ஆன மறுநாள், அவர் அந்த வண்டியைத் தேடிப் போனார். ஓட்டுநர் சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்து, நடுங்கும் கையைப் பெட்டியின் மேல் வைத்தார். பழைய பதிவில் கை தவறு என்றார். தன் பெயரைச் சொன்னார். பெட்டி அதற்குப் பொருந்துகிறது என்றோ பொருந்தவில்லை என்றோ சொல்லவில்லை. பதிவாயிற்று என்று மட்டும் சொன்னது. அன்று மாலைக்குள் எழுபது வண்டிகளும் நின்றன. மூன்று புள்ளி முத்திரை பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டது. செல்வியின் பெயரைத் திரும்ப ஏற்றினார்கள்.

இருந்தும் விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கம் ஒரு பேச்சு நிற்கவில்லை. சிவசாமியைக் கொன்றது அவர் மகள் கை என்றும், வயதான மாமனார் குடும்ப மானத்துக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள்.

அது தவறு. நட்டை இறுக்காமல் மூடியது ஆவுடையப்பன். மண் என்றும் எலி என்றும் சொல்லி முக்கால் மணி நேரத்தைப் போக்கியதும் அவர்தான். செல்வி செய்தது அந்த நட்டை இறுக்கியது மட்டும்.